சின்ன அலுமினியப் பெட்டியும் சித்திரை வெயிலும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பட்டாசலில், தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு மரத்தட்டு இருக்கிறது. அதன் உயரம் ஒரு சாண்கூட வராது. மகளின் கல்லூரிப் பாடங்கள், என்னுடைய கணக்கு வழக்குகள், அப்பா மாலையில் கேட்கும் பழைய நாகசுரக் கச்சேரிகள் ஆகிய மூன்றுக்கும் பொதுவான ஒரு கணினியை அந்தத் தட்டுக்குள் அடக்க வேண்டும் என்பதே தேவை. அதற்காக வாங்கிய அலுமினியக் கேபினெட்டை, அதாவது கணினியின் பாகங்களை உள்ளே வைக்கும் பெட்டியை, ஒரு கோடை முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதும் மதிப்பீடு இது. ஒரே பட்டறையில் உருவான இந்தப் பெட்டி இணையக் கடைகளில் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுவதால், எந்தப் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகிற குணங்களும் குறைகளும் இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

பெட்டியின் நீளம் 250 மி.மீ., அகலம் 220 மி.மீ., உயரம் 70 மி.மீ.; கொள்ளளவு நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. உள்ளே போகும் மதர்போர்டு, அதாவது கணினியின் முதன்மை மின்பலகை, மினி ஐடிஎக்ஸ் அளவுடையது. வியா நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய அந்த அளவு, ஒரு பக்கத்துக்கு 170 மி.மீ. கொண்ட சதுரம். இவ்வளவு ஆண்டுகளில் பிராசசர்கள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன; அந்தச் சதுரமும் அதன் நான்கு திருகுத் துளைகளும் மாறவில்லை. ஆகவே நல்ல பெட்டியாக ஒன்றை வாங்கிவிட்டால், உள்ளே இருப்பதை மாற்றி மாற்றி அதையே பல காலம் வைத்துக்கொள்ளலாம். வழக்கமான இரும்புக் கேபினெட்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கொடுப்பதற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் அதுதான்.

இதே குடும்பத்தில் பெயர்பெற்ற பெட்டிகள் பல உண்டு. இன்வின் நிறுவனத்தின் சோபின் 3.3 லிட்டர், அதற்குள்ளேயே வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கேற்ப மாற்றித் தரும் 150 வாட் எஸ்எம்பிஎஸ் அடங்கியிருக்கும். பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டுமென்பவர்களுக்காக வடிவமைக்கப்பட்ட டான் ஏ4 எஸ்எஃப்எக்ஸ் 7.2 லிட்டர். எங்கள் வீட்டில் விளையாட்டுக்கென்று தனிக் கார்டு வேண்டியதில்லை என்பதால், வெளியே அடாப்டரும் உள்ளே 12 வோல்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் சிறு பலகையும் கொண்ட பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். மின்சாரத்தை மாற்றும்போது எழும் வெப்பத்தின் பெரும்பகுதி பெட்டிக்கு வெளியிலேயே, அடாப்டரிலேயே நின்றுவிடுகிறது. சிறிய எஸ்எம்பிஎஸ்களில் இருக்கும் 40 மி.மீ. விசிறியின் கீச்சொலியும் இல்லை. நம் ஊர் வெயிலில் இந்த ஏற்பாட்டின் அருமை நன்றாகவே தெரியும்.

இனி அலுமினியத்துக்கு வருகிறேன். விற்பவர் விளம்பரத்தில் முதல் வரியாக எழுதியிருப்பது, அலுமினியம் வெப்பத்தை விரைந்து கடத்துவதால் கணினி குளிர்ச்சியாக இருக்கும் என்பது. கேட்பதற்கு இயற்பியல் போலவே இருக்கிறது. அலுமினியத் தகட்டுக் கலவைகளின் வெப்பக் கடத்துதிறன் மென் இரும்பைப்போல் இரண்டு, மூன்று மடங்கு என்பதும் உண்மையே. ஆனால் பிராசசரின் வெப்பம் அந்தத் தகட்டுக்கு எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் பெட்டியில் பிராசசருக்கும் தகட்டுக்கும் இடையில் இருப்பது காற்று. காற்றிலிருந்து தகட்டுக்குப் போகவும், தகட்டிலிருந்து வெளிக்காற்றுக்குப் போகவும் வெப்பம் படுகிற பாட்டோடு ஒப்பிட்டால், ஒன்றரை மில்லிமீட்டர் உலோகத்தைக் கடக்கும் தடை ஒன்றுமே இல்லை. அடுப்புக்கு ஒரு முழம் மேலே சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது இரும்புச் சட்டியா அலுமினியச் சட்டியா என்று விவாதிப்பது போன்றது இது. சட்டி அடுப்பில் உட்கார வேண்டும். நெதர்லாந்தின் ஸ்ட்ரீகாம் போன்ற நிறுவனங்கள் செய்யும் விசிறியில்லாப் பெட்டிகளில், பிராசசரிலிருந்து புறப்படும் வெப்பக் குழாய்கள் நேரே பக்கச் சுவரில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். அங்கே அலுமினியம் உண்மையிலேயே வேலை செய்கிறது. மற்ற இடங்களில் அது அழகுக்கும் எடைக் குறைவுக்கும் மட்டுமே.

சுவர்கள் மட்டுமே எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற முடியும் என்று ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். அடிப்பகுதியை விட்டுவிட்டால் இந்தப் பெட்டியின் வெளிப்பரப்பு சுமார் 0.12 சதுர மீட்டர். அசையாத காற்றில், கதிர்வீச்சையும் சேர்த்து, ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சுமார் 10 வாட் இழக்கும் என்பது பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் தோராயம். பெட்டியின் தோல் அறையைவிட 20 டிகிரி அதிகமாகச் சூடேறினால்கூட 24 வாட்தான் வெளியே போகும். 35 டிகிரி அறையில் அந்தத் தோல் 55 டிகிரியில் இருக்கும். கை வைத்துக்கொண்டிருக்க முடியாது. அந்த 24 வாட்டிலும் ஏறக்குறைய பாதி கதிர்வீச்சால் போவது. அதற்குக் காரணம் மேலே உள்ள ஆனோடைசிங் பூச்சு. மெருகேற்றிய வெறும் அலுமினியம் வெப்பக் கதிர்களை மிகக் குறைவாகவே வெளிவிடும். ஆனோடைசிங் செய்த பரப்போ கறுப்பாயினும் வெள்ளியாயினும் தாராளமாக வெளிவிடும். கறுப்பு நிறப் பெட்டிதான் குளிரும் என்று எங்கள் தெருவில் ஒரு இளைஞர் அடித்துச் சொன்னார். வெயிலில் வைக்காதவரை இரண்டும் ஒன்றே.

கணக்கோடு விடாமல் ஒரு சோதனையும் செய்தேன். அறையின் வெப்பம் 35 டிகிரி. உள்ளே இருப்பது ஏஎம்டி ரைசன் 5 5600ஜி பிராசசர். அந்தப் பிராசசரோடு சேர்த்துத் தரும் குளிர்விப்பானின் உயரம் 54 மி.மீ.; இந்தக் கேபினெட் ஏற்கும் உச்ச உயரமோ 47 மி.மீ. எனவே 37 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்எச்-எல்9ஏவைத் தனியே வாங்க நேர்ந்தது. சிறிய பெட்டி வாங்குவோர் இந்தச் செலவையும் கேபினெட்டின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். பிராசசரை அதன் இயல்பான 65 வாட் நிலையில் விட்டுக் காணொளி மாற்றும் வேலையைக் கொடுத்தபோது, அது 95 டிகிரியைத் தொட்டுத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. இந்தப் பிராசசரை 45 வாட் வரை இறக்கி அமைத்துக்கொள்ளத் தயாரிப்பாளரே அனுமதிக்கிறார். கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸில் அப்படி மாற்றியதும் 86 டிகிரியில் நின்றது. வேலை முடியச் சற்று அதிக நேரம் பிடித்தது, அவ்வளவே. அதே நிலையில் அலுமினிய மூடியை எடுத்துவிட்டு, அதே இடங்களில் துளையிட்ட தடித்த அட்டையை மூடியாக வைத்தேன். 87 டிகிரி. மூடியின் உலோகம் செய்த உதவி அந்த ஒரு டிகிரிதான்.

பிறகு மூடியே இல்லாமல் ஓட்டியபோது 79 டிகிரிக்கு இறங்கியது. அப்படியானால் தடை உலோகத்தில் இல்லை, காற்றின் போக்கில் இருக்கிறது. குளிர்விப்பானின் விசிறிக்கும் மூடிக்கும் இடையே ஒரு விரற்கடை இடைவெளி இருக்கிறது. விசிறி வெளியிலிருந்து புதுக்காற்றை இழுப்பதற்குப் பதிலாக, தான் கீழே தள்ளிய சூடான காற்றையே அந்த இடைவெளி வழியாகச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தது. டவுனில் ஒரு எழுதுபொருள் கடையில் கிடைத்த ஃபோம் தாளை வளையமாக வெட்டி, விசிறியின் விளிம்புக்கும் மூடிக்கும் இடையே அணைகட்டியதுபோல் பொருத்தினேன். மூடியோடு 80 டிகிரி. சில ரூபாய்க்குக் கிடைத்த ஃபோம் ஆறு டிகிரியும், விலையுயர்ந்த மூடி ஒரு டிகிரியும் குறைத்தன என்பதை இந்த மதிப்பீட்டின் மையமான செய்தியாகவே வைக்கிறேன்.

இணையத்தில் வரும் வெளிநாட்டு விமர்சனங்களைப் படிக்கும் நம்மவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அவர்கள் சோதிக்கும் அறை பெரும்பாலும் 20 முதல் 24 டிகிரிக்குள் இருக்கும். குளிர்விப்பான் எதுவாயினும் அறையின் வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் வேலை செய்யும். ஆகவே அங்கே 70 என்று எழுதியிருந்தால், அக்கினி நட்சத்திர நாட்களில் நம் பட்டாசலில் அது 84, 85 என்று படிக்க வேண்டும். இந்தக் கூட்டலைச் செய்யாமல் வாங்கிவிட்டு, பெட்டியின்மேல் பழி போடுவதில் பயனில்லை. மேற்குச் சுவர் ஓரமாக வைத்தால் இன்னும் இரண்டு டிகிரி சேர்த்துக்கொள்ளலாம். மாலை முழுவதும் அந்தச் சுவர் வாங்கிய வெயிலை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும்.

கட்டுமானம் நன்றாகவே இருக்கிறது. அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் தகடு வளைவதைத் தீர்மானிப்பது தடிமனின் மும்மடிப் பெருக்கம் என்பதால், 0.8 மி.மீ. இரும்புத் தகட்டின் உறுதியைப் பெற 1.15 மி.மீ. அலுமினியம் போதும், எடையும் பாதியாகிவிடும். இந்தப் பெட்டியில் 1.5 மி.மீ. தகடு போட்டிருக்கிறார்கள். மூடியின் நடுவில் பெருவிரலால் அழுத்தினாலும் குழிவதில்லை, விசிறியின் அதிர்வு ரீங்காரமாக மாறுவதும் இல்லை. ஒரு மி.மீ. தகட்டில் செய்த மலிவான பெட்டி ஒன்றை நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன். இரவில் அது வண்டு போல இரைந்தது.

மரைகளைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. மூடியைப் பிடிக்கும் திருகுகள் எம்3 வகை. அந்த மரையின் ஒரு சுற்றுக்கு இடைவெளி அரை மி.மீ. ஒன்றரை மி.மீ. தகட்டில் நேரடியாக மரை வெட்டினால் மொத்தம் மூன்று சுற்றுகளே திருகைப் பிடித்திருக்கும், அதுவும் மென்மையான உலோகத்தில். தூசு தட்டுவதற்காக அடிக்கடி திறக்க வேண்டிய பெட்டியில் இது போதாது. இரும்பு நட்டுகளைத் தகட்டில் அழுத்திப் பதித்திருக்க வேண்டும். மதர்போர்டு உட்காரும் இடங்களில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், மூடியில் மட்டும் மிச்சம் பிடித்துவிட்டார்கள். திருகும்போது முதலில் திருப்புளியை இடப்பக்கமாகச் சுழற்றி, மரை ‘டக்’கென்று விழுவதை உணர்ந்த பிறகே வலப்பக்கம் திருப்ப வேண்டும். இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் வீட்டில் மூன்றாவது கோடைக்குள் ஒரு மரையாவது வழுக்கிவிடும்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயம்: எர்த். உலோகப் பெட்டி வாங்குகிறவர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. நம் ஊர்ப் பழைய வீடுகளில் முதலில் பேச வேண்டியது இதுவே. கணினியை இயக்கிய அன்று மாலை, பின்பக்கத் துளையில் பென் டிரைவைச் செருகிய மகள், விரலில் எறும்பு கடித்தது போலச் சுருக்கென்கிறது என்றாள். டெஸ்டரை மூடியின்மேல் வைத்தால் ஒளிரவில்லை. திருகின்மேல் வைத்தால் மங்கலாக ஒளிர்ந்தது. எங்கள் தெருவில் வயரிங் வேலை செய்பவரை அழைத்தபோது, சுவரில் இருந்த மூன்று துளை பிளக்கைத் திறந்து பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, எர்த்து வயரு உள்ள சுருட்டிக் கெடக்குல்லா, ஓட்டைல மாட்டவே இல்ல பாருங்க. மூணாவது ஓட்ட சும்மா பேருக்குத்தான்” என்றார்.

நடப்பது இதுதான். கணினிக்கு மின்சாரம் தரும் கருவிகளுக்குள் மின்னிரைச்சலை வடிகட்டச் சிறிய மின்தேக்கிகள் இருக்கின்றன. அவை கசியவிடும் மிகச் சிறிய மின்னோட்டம் எர்த் வழியாகப் போய்விட வேண்டும். எர்த் இல்லாவிட்டால், பெட்டியின் உலோகம் இணைப்பு மின்னழுத்தத்தில் பாதியளவில், அதாவது 115 வோல்ட்டை ஒட்டி மிதக்கும். மின்னோட்டம் மில்லி ஆம்பியருக்கும் கீழே என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை. சுருக்கென்று மட்டும் தெரியும். ஆனால் அந்த நிலையில் தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ கம்பியைச் செருகினால், அந்தக் கசிவு எச்டிஎம்ஐ துளையின் நுண்ணிய சிப்புகள் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கெடுக்கலாம்.

எர்த் கம்பியை முறையாக இணைத்த பிறகு திருகில் வைத்த டெஸ்டர் ஒளிரவில்லை. ஆனாலும் மல்டிமீட்டரால் பார்த்தபோது மூடிக்கும் எர்த்துக்கும் தொடர்பே இல்லை. ஆனோடைசிங் என்பது அலுமினியத்தின் மேல் வளர்க்கப்பட்ட ஆக்சைடு படலம்; மைக்ரான் கணக்கில் மெலிதானாலும் அது நல்ல மின்காப்பு. மூடி பெட்டியின்மேல் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்தாலும் இரண்டும் மின்சாரத்துக்குத் தனித்தனியே. என் பெட்டிக்குள் 12 வோல்ட் மட்டுமே வருவதால் இதைப் பெரிய அபாயம் என்று சொல்ல மாட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸை உள்ளே வைக்கும் அலுமினியப் பெட்டியில் நிலைமை வேறு: 230 வோல்ட் கம்பி ஒன்று கழன்று எர்த் இல்லாத மூடியில் பட்டால், மூடியைத் தொடுபவர் கதி என்னவாகும் என்று எழுதவே வேண்டியதில்லை. தீர்வு எளிது. மூடியின் உட்புறத்தில் திருகுத் துளைகளைச் சுற்றியும், அவை உட்காரும் விளிம்பிலும் உப்புத்தாளால் தேய்த்து வெறும் உலோகத்தை வெளிக்கொண்டுவர வேண்டும். வெளியே இருந்து பார்க்க ஒன்றும் தெரியாது. தரமான நிறுவனங்கள் இந்த இடங்களைப் பூச்சு படாமல் மறைத்தே ஆனோடைசிங் செய்கின்றன. நீங்கள் வாங்கும் பெட்டியில் அப்படி இருக்கிறதா என்பதை மூடியைக் கழற்றிய உடனே கண்ணால் பார்த்துவிடலாம். அடாப்டரிலும் கவனம் வேண்டும். மூன்று முள் செருகி இருந்தாலும், சிலவற்றில் எர்த் முள் வெளியே வரும் 12 வோல்ட் கம்பியின் எதிர்முனையோடு இணைக்கப்பட்டிருப்பதில்லை. செருகியின் பருத்த முள்ளில் ஒரு முனையையும் பெட்டியின் திருகில் மறுமுனையையும் வைத்தால் மல்டிமீட்டர் ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் வேறு அடாப்டர் வாங்குவதே நல்லது.

தூசு. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று குற்றாலத்தில் சாரலைக் கொட்டிவிட்டு, நமக்கு வறண்ட காற்றாகவும் மண்ணாகவும்தான் வந்து சேர்கிறது. கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று, நம் வீட்டு ஜன்னல் விளிம்பில் காலையில் துடைத்த இடத்தை மாலைக்குள் செம்மண் நிறமாக்கிவிடும். இந்தப் பெட்டியில் வடிகட்டி எதுவும் இல்லை. மூடியில் உள்ளவை மூன்று மி.மீ. வட்டத் துளைகள், பக்கங்களில் ஐந்து மி.மீ. அகலமுள்ள நீண்ட பிளவுகள். முதலாவது வழியாகச் சித்தெறும்பு போகும், இரண்டாவது வழியாகப் பல்லிக் குஞ்சு போகும். சிரிக்க வேண்டாம், பல்லியின் எச்சமோ, கருகிய பல்லியோ மின்பலகையின் இரண்டு முனைகளை இணைத்துவிட்டதால் பழுதான இயந்திரங்களைப் பார்த்திராத பழுதுபார்ப்பவர் இந்தப் பக்கத்தில் இருக்க மாட்டார். நைலான் கொசுவலையை வெட்டி இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவால் உட்புறம் ஒட்டினேன். வெப்பம் இரண்டு டிகிரி கூடியது; அதை ஏற்றுக்கொண்டேன். மூடியின் வலையை மட்டும் ஆடி மாதத்தில் வாரந்தோறும் தூரிகையால் துடைக்க வேண்டியிருக்கிறது.

வைஃபை விஷயத்தில் எல்லா உலோகப் பெட்டிகளும் ஒன்றுதான்: உள்ளே வைக்கும் ஆன்டெனாவால் பயனில்லை. பின்புறத்தில் இரண்டு ஆன்டெனாத் துளைகள் இருக்கின்றன என்பதைப் பார்த்த பிறகே இதை வாங்கினேன். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர்களுள்ள வீட்டில், இயலுமானால் நேரே கம்பி இழுத்துவிடுவது இன்னும் நல்லது.

மொத்தத்தில் என் தீர்ப்பு இது: வேலைப்பாடு நேர்த்தியானது, எடை குறைவு, வைத்த இடம் தெரியாது; ஆனால் வெப்பத்துக்காக என்று எண்ணி யாரும் அலுமினியத்துக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. அதே பணத்தில், சற்றுப் பெரிய இரும்புப் பெட்டியும் 92 மி.மீ. விசிறி ஒன்றும் வாங்கினால் கணினி இதைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும். மூடி மரைகளையும் வடிகட்டியையும் தயாரிப்பாளர் சரிசெய்திருந்தால் தயக்கமின்றிப் பரிந்துரைத்திருப்பேன். இப்போதைக்கு, திருப்புளியும் உப்புத்தாளும் கையில் எடுக்கத் தயங்காதவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

விதிவிலக்காக ஒருவருக்கு மட்டும் இதையே வாங்கச் சொல்லியிருக்கிறேன். உவரியில் கடலைப் பார்த்த வீட்டில் இருக்கும் என் மைத்துனருக்கு, இரும்புப் பெட்டி எது வாங்கினாலும் வெட்டிய விளிம்புகளில் துரு ஏறிவிடுகிறது. ஆனோடைசிங் செய்த அலுமினியம் உப்புக் காற்றை அதைவிட வெகுவாகத் தாங்கும். அங்கே பலவீனமான இடம் திருகுகள்தான்: ஈரமான உப்பின் நடுவே இரும்புத் திருகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியமே அரிபடும், துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். ஆகவே ஒவ்வொரு திருகையும் முடுக்குவதற்கு முன் கொஞ்சம் வாசலின் தடவச் சொல்லி, உப்புத்தாளால் தேய்த்த இடங்களிலும் அதையே மெல்லிதாகப் பூசச் சொன்னேன். “அத்தான், எர்த்து வயரையும் பார்த்திரணுமா?” என்று கேட்டார். பெட்டியை ஆர்டர் செய்வதற்கு முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும் என்றேன்.